யாலின் கடிகார வாயில்: மூன்று தாளும் ஒரு மணியும்

மூன்று வருஷமாக "யூகல்" என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். தெற்கு அயர்லாந்தின் கார்க் நகரத்திலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலைப் பலகையில் அந்த ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் மனசுக்குள் அப்படித்தான் ஓடும். வேலை செய்யும் இடத்தில் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒருவர் திருத்தினார்: "யால்". ஒரே அசை. யூ மரங்கள் அடர்ந்த காடு என்று ஐரிஷ் மொழியில் பொருள். இப்போது காடு இல்லை. ஆறு கடலில் கலக்கும் இடத்தில், குன்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாடா மாதிரி நீண்டு கிடக்கும் சின்ன ஊர்.

அந்த ஊரின் கடைத்தெருவை மறித்துக்கொண்டு ஒரு கோபுரம் நிற்கிறது. கீழே வளைவு, அதற்குள் புகுந்து கார் போகும், ஆள் போவார்கள். மேலே மாடிக்கு மாடி ஜன்னல், அதற்கு மேல் கடிகாரம், உச்சியில் சிறு கூண்டும் காற்றுத்திசை காட்டியும். கடிகார வாயில் என்று பெயர். இதை நீர்வண்ணத்தில் வரையப்போய் நான் பட்ட பாடுதான் இந்தப் பதிவு. நான் முறையாகப் படித்தவன் இல்லை. வார இறுதி ஓவியன். ஆகவே இதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த இடத்தில் எப்படிக் கெடும் என்பதற்கு மட்டும் என்னை நம்பலாம்.

முதலில் கட்டடம். யால் 13-ம் நூற்றாண்டிலேயே மதில் கட்டிக்கொண்ட துறைமுக ஊர். தெருவுக்குக் குறுக்கே டிரினிட்டி கோட்டை என்றொரு பழைய வாயில் இருந்தது. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் 1777-ல் எழுப்பியது இந்தக் கோபுரம். உயரம் 24 மீட்டர். ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலி 1588-89-ல் இந்த ஊர் மேயராக இருந்திருக்கிறார். அவர்தான் அயர்லாந்தின் முதல் உருளைக்கிழங்கை இங்கே நட்டார் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுத் தாங்களே கண்ணடிப்பார்கள். ஆங்கிலேயப் படைத்தலைவர் கிராம்வெல் 1650-ல் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறியதும் இந்த ஊரிலிருந்துதான். கோபுரம் இவர்களுக்கெல்லாம் பிந்தியது. அதற்கென்று தனிக் கதை இருக்கிறது, இரண்டாவது தாளில் வரும்.

முதல் தாள்

போன செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், பன்னிரண்டு குழிப் பெட்டி, பலகையில் நாலு பக்கமும் ஒட்டிய 38-க்கு 28 சென்டிமீட்டர் கனத்த பருத்தித் தாள். தெற்குத் தெருவில் ஒரு மூடிய கடையின் வாசலில் உட்கார்ந்தேன். தெரு ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. தெற்கிலிருந்து பார்த்தால் வெயில் முதுகுப் பக்கம், கோபுரத்தின் முகத்தில் வெளிச்சம். வடக்குப் பக்கம் போய் உட்கார்ந்தால் நாள் முழுக்க நிழல் முகம்தான். இதை யோசித்துத் தேர்ந்தெடுத்ததற்காக என்னையே மெச்சிக்கொண்டேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

குறுகிய தெருவில் உயரமான கட்டடத்தை அண்ணாந்து பார்த்து வரைந்தால் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. கீழிருந்து தொடங்குவோம். வளைவு அழகாக இருக்கும், அதில் மனசு போகும், பெரிதாகப் போட்டுவிடுவோம். ஜன்னல்களுக்கு வரும்போது தாளில் பாதி போய்விடும். கடிகாரத்துக்கு வரும்போது நெஞ்சு திக்கென்கும். நான் கடிகாரத்தின் மேல் விளிம்பைப் போட்டபோது தாளில் மிச்சம் ஒரு விரற்கடை. கூண்டுக்கு இடமே இல்லை. கோபுரத்தின் தலையை வெட்டிய படம் வாசலும் இல்லை, கோபுரமும் இல்லை, ஏதோ கிடங்கு மாதிரி இருந்தது.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன், இந்த முறை முறைப்படி. கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வளைவின் உயரத்தைப் பிடித்து, அதை அளவுகோலாக வைத்து மேலே மேலே அடுக்கிப் பார்ப்பது. முதலில் உச்சிக்கும் அடிக்கும் தாளில் இரண்டு கோடு போட்டுவிட வேண்டும், மற்றது அதற்குள் அடங்க வேண்டும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். நான் இரண்டு தடவை மடக்கினேன். பத்து நிமிஷ வேலைக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று.

வானம் போட்டேன். செருலியன் நீலம், நிறையத் தண்ணீர், பலகையைச் சாய்த்து மேலிருந்து கீழே. அது காய வேண்டும். சென்னையில் மே மாதம் மொட்டை மாடியில் வரைந்தபோது பிரஷ் தட்டைத் தொடுவதற்குள் தாள் காய்ந்துவிடும், அங்கே அதுதான் சண்டை. இங்கே நேரெதிர். இருபது நிமிஷம் கழித்தும் தாள் பளபளவென்று ஈரம் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தூறல். தூறல்கூட இல்லை, காற்றில் தண்ணீர் தொங்கும் ஒரு நிலை. அயர்லாந்துக்காரர்கள் இதை "மென்மையான நாள்" என்று செல்லமாகச் சொல்வார்கள். பாதி காய்ந்த வாஷில், அதாவது நீர்த்துப் பூசிய நிறப்பரப்பில், ஒரு துளி விழுந்தால் அது நிறத்தைச் சுற்றிலும் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் கோடாக நிறுத்திவிடும். காலிஃப்ளவர் என்பார்கள், பார்க்க அப்படியேதான் இருக்கும். என் வானத்தில் பதினோரு காலிஃப்ளவர். எண்ணினேன்.

அவ்வழியே போன ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, "மேகத்தை நல்லாப் பிடிச்சிருக்கீங்க" என்றார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கல்லின் சிவப்பு

இரண்டாவது தாளுக்குப் போகும் முன் நிறத்தைச் சரிசெய்ய நினைத்தேன். சுவர் செங்கல் சிவப்பு இல்லை. அழுக்கான செம்பழுப்பு, ஈரமானால் பிளம் பழத்தோல் மாதிரி கறுக்கும். கார்க் வட்டாரத்து மணற்கல். எனக்கு இதைப் பழகிப்பார்க்கக் கார்க் நகரத்திலேயே நல்ல இடம் இருக்கிறது, ஷாண்டன் கோயில் மணிக்கூண்டு. அதில் இரண்டு பக்கம் செம்மணற்கல், இரண்டு பக்கம் வெளிறிய சுண்ணாம்புக்கல். ஒரே வெளிச்சத்தில் இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதன் நாலு கடிகாரமும் ஆளுக்கொரு நேரம் காட்டும் என்பதால் ஊர்க்காரர்கள் அதை "நாலு முகப் பொய்யன்" என்பார்கள்.

வாரநாள் மாலைகளில் அங்கே போய்த் துண்டுத் தாளில் கலந்து பார்த்தேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைத் தனியாகப் போட்டால் ஆரஞ்சு அடிக்கிறது. அலிசரின் என்ற கருஞ்சிவப்பைச் சேர்த்தால் கல் போய்த் துணியாகிவிடுகிறது. போதாததற்கு அசல் அலிசரின் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் சாயம். கடைசியில் பிடிபட்டது லைட் ரெட். அதில் அல்ட்ரமரைன் நீலத்தைச் சிறிது சேர்த்து நீர்க்கவிட்டால் இரண்டும் முழுசாகக் கலக்காது. காயும்போது நீலத் துகள் தாளின் குழிகளில் போய் உட்காரும், சிவப்பு மேலே மிதக்கும். மணற்கல்லின் சொரசொரப்பு தானாக வந்துவிடுகிறது. நான் ஒரு கல்லைக்கூடத் தனியாக வரையவில்லை.

அது ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். லைட் ரெட் என்பது இரும்பு ஆக்சைடு, பச்சையாகச் சொன்னால் துரு. தெற்கு அயர்லாந்தின் பழைய செம்மணற்கல்லைச் சிவப்பாக்கியதும் அதே இரும்பு ஆக்சைடுதான். டெவோனியன் காலத்தில், இன்றைக்கு 36 கோடி வருஷத்துக்கும் முன்னால், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வறண்ட வெயிலில் கிடந்தது. வெள்ளம் அடித்துக் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் அங்கே துருவேறிக் கல்லாயின. இந்த மழைக்கால ஊரின் சுவர் ஒரு காலத்தில் வெயில்காட்டு மணல் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. வானத்தைப் போல சுவரையும் சாம்பலாக்கிக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு தைரியமாகச் சூடாக்கினேன்.

இரண்டாவது தாள்

இதை வீட்டில், சாப்பாட்டு மேஜையில் வரைந்தேன். கைப்பேசிப் படமும் முதல் நாளின் பென்சில் அளவும் கையில். தாள் 56-க்கு 28, கோபுரத்துக்கு ஏற்ற மாதிரி ஒல்லியாக வெட்டியது. தலை தப்பியது, வானம் தப்பியது, கல் நன்றாகவே வந்தது. ஜன்னலில் தான் போய் விழுந்தேன்.

இதற்கிடையில் கோபுரத்துக்குள் வழிகாட்டியுடன் போய்ப் பார்த்திருந்தேன். இந்த அழகான ஜார்ஜிய (18-ம் நூற்றாண்டு ஆங்கிலப் பாணி) முகப்புக்குப் பின்னால் இருந்தது சிறை. 1837 வரை கைதிகளை இதில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை இதன் ஜன்னலிலிருந்து கயிறு கட்டித் தூக்கிலிட்டிருக்கிறார்கள், கீழே சந்தைக்கு வந்த ஜனம் அண்ணாந்து பார்க்கும்படி. தெருவைக் கடக்க வேண்டுமென்றால் அதன் கீழேதான் போயாக வேண்டும், வேறு வழி சுற்றுவழி. அதைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவன் ஜன்னல்களை எப்படிப் போடுவான்? பெய்ன்ஸ் கிரே என்ற நீலம் கலந்த கருஞ்சாம்பலைத் தண்ணீரே காட்டாமல் குழைத்து, எல்லா ஜன்னலையும் ஒரே கறுப்பாக அப்பினேன். ஒவ்வொன்றும் ஒரு கதறல் என்று நினைப்பு.

காய்ந்ததும் தள்ளி வைத்துப் பார்த்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க இது, புது வீட்டுல கட்டுற திருஷ்டி பொம்மை மாதிரி முழிக்குது?" என்றாள். அதற்கு மேல் அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை.

எங்கே தப்பு என்பது நேரே மறுபடி போய் நின்றபோதுதான் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி ஜன்னல் கறுப்பாக இருக்காது. சாய்ந்த வானத்தை வாங்கி மேல் பலகைகள் வெளுத்து இருக்கும், எதிர் வீட்டின் நிறத்தை வாங்கிக் கீழ்ப் பலகைகள் கொஞ்சம் கலங்கி இருக்கும். உண்மையான இருட்டு நூலளவு, சட்டத்துக்கு உள்விளிம்பில் மட்டும். நான் வரைந்தது ஜன்னலை அல்ல, காதால் கேட்ட கதையை. கதையிலும் பாதியைத்தான். சிறை போன பிறகு அதே கோபுரத்தில் குடும்பம் வாழ்ந்திருக்கிறது, 1959 வரை. கீழே வண்டிகள் போகப் போக, மேலே அடுப்பெரித்து, பிள்ளைகளை வளர்த்து, கடிகாரச் சத்தத்தில் தூங்கி. தூக்குக்கயிறு தொங்கிய வீட்டின் ஜன்னலில் முகம் வைத்து ஒரு பிள்ளை தெருவை வேடிக்கை பார்த்திருக்கும்தானே. மேல்மாடி அறையை அந்தக் காலத்துச் சாமான்களோடு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி இதையும் சொன்னார், நான் தூக்குக்கயிற்றிலேயே நின்றுவிட்டேன்.

கறுப்பை எடுத்துவிடலாம் என்று முயன்றேன். முறை இதுதான்: பன்றிமயிர்ப் பிரஷை நனைத்துப் பிழிந்து, மெதுவாக வட்டமாகத் தேய்த்து, ஊறிய நிறத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுப்பது. தேய்த்து இழுக்கக்கூடாது, ஒற்ற வேண்டும். மண் நிறங்கள் இதற்குப் பணிந்து வரும். பெய்ன்ஸ் கிரே பிடிவாதக்காரன், தாளின் நாருக்குள் இறங்கிவிடுகிறது. மூன்றாவது ஜன்னலில் ஆத்திரப்பட்டு அழுத்தினேன், தாள் பஞ்சாக எழும்பியது. பஞ்சான தாளில் மறுபடி நிறம் வைத்தால் மையொற்றும் தாளில் வைத்த மை மாதிரி பரவும். அதையும் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கெட்டது கெட்டதாக இருக்கட்டும் என்று கடிகார முகத்தை முடித்தேன். வெள்ளைத் தாளாக விட்டு வைத்திருந்த வட்டத்தில் இரண்டு முள், பன்னிரண்டு மணி. இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று, நேர்கோடு. பார்க்க ஒழுங்காக இருக்கிறது, வரையவும் சுலபம். அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள், பதினோரு வயது.

"அப்பா, மணி பன்னெண்டா?"

"ஆமாம்மா."

"அப்போ நிழல் ஏன் இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு? பன்னெண்டு மணிக்கு நேரா தானே விழணும்?"

மணி எத்தனை?

அவள் சொன்னதில் பாதி சரி. என் படத்தில் இடதுபக்கக் கட்டடங்களின் நிழல் தெருவின் குறுக்கே வலப்பக்கம் விழுந்திருந்தது. இடது மேற்கு, வலது கிழக்கு. அப்படியானால் சூரியன் மேற்கே சாயத் தொடங்கிவிட்டது, பிற்பகல். கைப்பேசிப் படத்தின் நேரத்தைப் பார்த்தேன், 2:35. படத்தில் கடிகாரமும் அதைத்தான் காட்டியிருக்கிறது. நான்தான் அழகுக்காகப் பன்னிரண்டு ஆக்கினேன்.

அவள் சொன்னதில் மற்றப் பாதி தப்பு, அது இன்னும் சுவாரசியம். யாலில் செப்டம்பர் மாதம் பன்னிரண்டு மணிக்கும் நிழல் நேராக விழாது. அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உலக நேரக் கணக்கு தொடங்கும் லண்டன் கிரீனிச்சுக்கு மேற்கே ஏறக்குறைய 7.85 பாகையில் இருக்கிறது ஊர். ஒரு பாகைக்கு நாலு நிமிஷம், ஆக 31 நிமிஷம் தாமதம். கோடை நேரம் என்பதால் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது, அதையும் கூட்டு. செப்டம்பர் கடைசியில் சூரியன் சராசரியைவிட எட்டு நிமிஷம் போல முந்தி வரும், அதைக் கழி. சூரியன் நேர் தெற்கே நிற்பது ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால். பன்னிரண்டு மணிக்கு அது இன்னும் தென்கிழக்குப் பக்கம் தான், நிழல் இடது பக்கம் விழும். "அப்போ கடிகாரம் பொய் சொல்லுதா?" என்றாள். பொய் இல்லை, ஏற்பாடு என்றேன். இந்த ஊரில் சட்டப்படி கோடை நேரம்தான் நிலையான நேரம், குளிர்காலத்தில் ஒரு மணி குறைத்துக்கொள்வதுதான் விதிவிலக்கு என்பதை அவளிடம் சொல்லிக் குழப்பவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1777-ல் இந்தக் கோபுரம் எழுந்தபோது கிரீனிச் மணி யாருக்கும் பொருட்டில்லை. ஊருக்கு ஊர் தன் சூரியன், தன் மணி. யாலில் பன்னிரண்டு அடித்தால் சூரியன் நேர் தெற்கே இருந்திருக்கும், சில நிமிஷம் முன்பின். 1880-ல் சட்டம் போட்டு அயர்லாந்து முழுவதற்கும் டப்ளின் நேரத்தைப் பொது நேரமாக்கினார்கள், கிரீனிச்சுக்கு 25 நிமிஷம் 21 விநாடி பின்னால். 1916 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டுக் கிரீனிச்சோடு சேர்த்தார்கள். அதாவது இந்த ஒரு கோபுரத்தின் முகத்தில் மூன்று விதமான பன்னிரண்டு மணி காட்டியிருக்கிறார்கள். 1798-ல் வரைந்திருந்தால் என் படமும் மகள் சொன்ன மாதிரியே இருந்திருக்கும்: முள் நேராக, நிழலும் நேராக.

ஆக, மூன்றாவது தாளில் நிழலுக்கும் முள்ளுக்கும் ஒத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்தேன். எந்த நேரத்தில் எந்த ஜன்னல் எவ்வளவு வெளுத்திருந்ததோ அந்த நேரத்தையே கடிகாரமும் காட்ட வேண்டும். 2:35.

மூன்றாவது தாள்

தாளை இந்த முறை ஒழுங்காக இழுத்துக் கட்டினேன். பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறப்போட்டு, பலகையில் பரப்பி, பசைத்தாளால் நாலு ஓரமும் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டால் மேளத்தோல் மாதிரி விறைக்கும். கனத்த தாளுக்கு இது தேவையில்லை என்பார்கள். ஐரிஷ் ஈரத்தில் தேவை என்பேன்.

பென்சில் கோடு மெல்லிசாக. கோபுரத்தின் இரண்டு பக்கமும் மேலே போகப் போக ஒரு மயிரிழை உள்ளே சாயவேண்டும். அளவுகோல் வைத்து நேராகப் போட்டால் கோபுரம் தலை கனத்து முன்னால் விழுவது மாதிரி தெரியும். கடிகார வட்டத்தையும் கூண்டின் வெயில் பட்ட ஓரத்தையும் மாஸ்கிங் திரவத்தால் மூடினேன்; நிறம் படாமல் காத்து, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் பால் அது. இதற்குப் பழைய பிரஷ்தான், நல்ல பிரஷை அந்த ரப்பர் தின்றுவிடும். சோப்பில் முக்கிக்கொண்டால் கொஞ்சம் தப்பும்.

வானம் ஒரே மூச்சில். சாம்பல் கலந்த நீலம், கூண்டைச் சுற்றிக் கொஞ்சம் அழுத்தம், அப்போதுதான் கூண்டு துருத்தித் தெரியும். பிறகு ஹேர் டிரையரை அரை அடி தள்ளிப் பிடித்து முழுசாக உலர்த்தினேன். புறங்கையை வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

கல் இரண்டு சுற்று. முதல் சுற்றில் முழுச் சுவரும், ரா சியன்னா என்ற மண்மஞ்சளில் தொடங்கி ஈரத்திலேயே லைட் ரெட்டை இறக்கி, கீழே போகப் போக அல்ட்ரமரைன். இரண்டாவது சுற்றில் நிழல் மட்டும்: மாடிகளுக்கு நடுவே ஓடும் கல்பட்டையின் அடியில், ஜன்னல் குழியின் இடதுபக்கத்தில், வளைவின் உள்ளே, தெருவில். நிழலுக்கு ஒரே கலவை, ஒரே தடவையில், தொட்டுத் தொட்டுத் திருத்தாமல். பிற்பகல் 2:35-க்கு இடதுபக்கத்து வீடுகளின் நிழல் தெருவில் எதுவரை வருமோ அதுவரை.

வளைவுக்கு வந்தபோதுதான் முதல் இரண்டு தாளிலும் நான் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. வளைவுக்குள்ளே இருட்டு என்று முழுசாக அடைத்து வைத்திருந்தேன். அது குகை இல்லையே, வாசல். இருட்டான கூரையும் பக்கச்சுவரும் தாண்டி அந்தப் பக்கத்து வடக்குத் தெரு வெயிலில் கிடக்கிறது. அங்கே நிற்கும் வீடுகளின் தெற்கு ஓரம் ஒளிர்கிறது. கட்டைவிரல் நகமளவு இடம். அதை வெறும் தாளாக விட்டு, கீழே மட்டும் தூசி நிறத்தை ஒரு தொடல் தொட்டேன். அந்த நகமளவு வெள்ளையால் 24 மீட்டர் கல்லும் இலேசாகி நின்றது. கண்ணும் அதற்குள் புகுந்து அப்பால் போய்விட்டது, ஊர் ஜனம் போவது போல.

ஜன்னல்களைக் கடைசியில் போட்டேன். மேலே வானத்தின் மிச்ச நீலம், கீழே கல்லின் மிச்சச் சிவப்பு, உள்விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. எல்லா ஜன்னலுக்கும் ஒரே முறை. சிறை மாடிக்கென்று தனி இருட்டு வைக்கவில்லை.

ஓவியச் சங்கதி ஒன்று, சொல்லாமல் விட மனசில்லை. யாலில் கடலோடு கலக்கும் பிளாக்வாட்டர் ஆற்றோடு மேலே போனால் லிஸ்மோர் என்று ஒரு சின்ன ஊர். 1870-ல் அங்கே ஆறு பெண்கள் கூடி ஒரு வரைதல் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றுவரை இயங்கும் அயர்லாந்து நீர்வண்ணச் சங்கத்தின் மூலம். எண்ணெய் ஓவியம் ஆண்களின் பட்டறை வேலை என்றும், நீர்வண்ணம் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்றும் பேசிய காலம். இன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பெட்டியைத் திறக்கும் என்னைப் போன்றவர்களின் வழி அந்த ஆறு பேர் போட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

மாட்டும் இடம்

சட்டம் போட்டாயிற்று. எங்கே மாட்டுவது? கூடத்து ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள், வெயிலும் பார்க்கும். டப்ளின் தேசிய ஓவியக்கூடத்தில் பழைய ஆங்கில ஓவியர் டர்னரின் 31 நீர்வண்ணங்கள் இருக்கின்றன. ஹென்றி வான் என்பவர் உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போக, 1900-ல் வந்து சேர்ந்தவை. வெயில் மிகவும் மங்கிய ஜனவரி மாதத்தில்தான் அவற்றை வெளியே வைக்கவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. நூறு வருஷத்துக்கு மேலாக ஜனவரி தோறும் எடுத்து வைக்கிறார்கள். நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன், நேற்று வரைந்தது போல நிறம் நிற்கிறது. டர்னருக்குச் செய்வதை எனக்கும் செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்கக்கூடாது. தாள் தாள்தான். மாடிப்படியோரம், வெயில் எட்டாத சுவரில் மாட்டினேன்.

முதல் தாளின் காலிஃப்ளவர் வானத்தைக் கீற்று கீற்றாக வெட்டி நிறம் சோதிக்க வைத்திருக்கிறேன். இரண்டாவது தாள் பரணில் இருக்கிறது, மனைவி அதற்குத் திருஷ்டி பொம்மை என்றே பெயர் வைத்துவிட்டாள்.

மூன்றாவதிலும் குறை இல்லாமல் இல்லை. மாஸ்கிங்கை உரித்தபோது கூண்டின் ஓரத்தில் தாளும் கொஞ்சம் கிளம்பி வந்தது. காற்றுத்திசை காட்டி மேற்கே பார்க்க வேண்டியது, கை நடுங்கி வடமேற்கே திரும்பிவிட்டது. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று மகள் இன்னும் கேட்கவில்லை.